பெட்டியின் மேல் இருக்கும் எண்

1988இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' வாங்கி விளையாடிய அமெரிக்கச் சிறுவர்கள் முதல் நாளே குழம்பியிருப்பார்கள். எதிரியின் தலையில் குதித்தால் எதிரி நசுங்கவில்லை. மாரியோ அவன் தலைமேல் நின்றபடி சவாரி போனான். மண்ணிலிருந்து காய்கறியைப் பிடுங்கி எறிந்தால்தான் காரியம் நடந்தது. இளவரசி காற்றில் மிதந்தாள். முதல் பாகத்துக்கும் இதற்கும் உறவே இல்லை என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் அது சரிதான். உண்மையிலேயே உறவு இல்லை. ஜப்பானில் 1986இல் வந்த அசல் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைப் போலவே இருந்தது, ஆனால் ஆட்டம் பல மடங்கு கடினம். அமெரிக்க நின்டெண்டோ அது இங்கே ஓடாது என்று தள்ளிவிட்டது. பதிலுக்கு, ஃபுஜி டிவியின் விழா ஒன்றை ஒட்டி 1987இல் வந்திருந்த 'டோகி டோகி பேனிக்' என்ற வேறொரு கேமை எடுத்து, அதிலிருந்த நான்கு பாத்திரங்களின் இடத்தில் மாரியோ கூட்டத்தை வைத்து, பெட்டியின் மேல் '2' என்று போட்டு விற்றார்கள். பின்பு அந்தக் கேம் 'சூப்பர் மாரியோ யூ.எஸ்.ஏ.' என்ற பெயரில் 1992இல் ஜப்பானுக்கே திரும்பிப் போனது.

ஆக, உலகத்தின் மிகப் பிரபலமான தொடரின் இரண்டாம் பாகம் ஒரு புதுக் கேம். மாறுவேடத்தில் வந்த புதுக் கேம். நம்மூரில் 'டிவி கேம்' வாங்கி, ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்ததை நம்பிச் செருகி விளையாடியவர்களுக்கு எது முதல் பாகம், எது இரண்டாம் பாகம் என்ற கவலையே இருந்ததில்லை. காசு கொடுத்து அசலை வாங்கும் ரசிகர்களுக்கு அந்தக் கவலை உண்டு. அவர்கள் வைக்கும் வழக்கு நாற்பது ஆண்டுகளாக ஒன்றுதான்: கம்பெனிகள் பேராசையால் அடுத்தடுத்த பாகங்களாக எடுத்துத் தள்ளுகின்றன, புதிதாக எதையும் செய்யத் துணிவதில்லை. பேராசை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஸ்டுடியோக்கள் உண்மையில் எப்படி முடிவெடுத்தன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், துணிச்சலுக்கும் பேராசைக்கும் அதில் கிடைக்கும் பங்கு சிறியது. பெயர் யாருக்குச் சொந்தம், பட்டறையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, பத்து ஆண்டுகளில் எத்தனை முறை தாயம் உருட்ட முடியும் என்ற மூன்று கேள்விகள்தான் பெரும்பாலும் தீர்ப்பெழுதுகின்றன.

பேராசை வழக்கில் ரசிகர்கள் முதல் சாட்சியாக நிறுத்துவது பாபி கோடிக்கை. 2008இல் விவெண்டியின் கேம் பிரிவு ஆக்டிவிஷனோடு இணைந்தபோது, கையிருப்பிலிருந்த சில கேம்களை ஆக்டிவிஷன் கைவிட்டது. 'கோஸ்ட்பஸ்டர்ஸ்', டபுள் ஃபைன் ஸ்டுடியோவின் 'ப்ரூட்டல் லெஜண்ட்' ஆகியவை அதில் அடங்கும். ஏன் என்று முதலீட்டாளர்கள் கேட்டதற்குத் தலைமை அதிகாரியான கோடிக் ஒளிக்காமல் பதில் சொன்னார்: ஒவ்வோர் ஆண்டும், எல்லாக் கருவிகளிலும், அடுத்தடுத்த பாகங்களாகச் சுரண்டி எடுத்து, 10 கோடி டாலர் தொடராக வளர்க்கக்கூடியவைதான் எங்களுக்கு வேண்டும் என்ற பொருளில். ரசிகர்கள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சில் ஒரு மரியாதை உண்டு. மற்றவர்கள் அறைக்குள் பேசியதை அவர் மைக்கில் பேசினார், அவ்வளவுதான்.

அந்தக் கொள்கை எப்படி முடிந்தது என்பதற்கு அதே கம்பெனிக்குள்ளேயே இரண்டு விடைகள் கிடைத்தன. பிளாஸ்டிக் கிட்டாரோடு 2005இல் வந்த 'கிட்டார் ஹீரோ' கொடிகட்டிப் பறந்தது. 2009ஆம் ஆண்டில் மட்டும் 'மெட்டாலிகா', 'ஸ்மாஷ் ஹிட்ஸ்', ஐந்தாம் பாகம், 'வான் ஹேலன்' எனக் கடையை நிரப்பினார்கள். கூடவே 'பேண்ட் ஹீரோ', 'டிஜே ஹீரோ' என்று பங்காளிகள் வேறு. வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிளாஸ்டிக் கிட்டார் கிடக்கும்போது மூன்றாவதை யார் வாங்குவார்? 2011 பிப்ரவரியில் அந்தப் பிரிவையே மூடினார்கள். 'கால் ஆஃப் ட்யூட்டி'யோ 2005 முதல் ஆண்டுக்கொன்று என்று வந்துகொண்டே இருக்கிறது. முதலில் இன்ஃபினிட்டி வார்டும் ட்ரேயார்க்கும் மாறி மாறிச் செய்தன. 2014இல் ஸ்லெட்ஜ்ஹாமர் மூன்றாவதாகச் சேர்ந்தபின் ஒவ்வொரு ஸ்டுடியோவுக்கும் மூன்று ஆண்டு அவகாசம் கிடைத்தது. வாங்குபவனுக்குத்தான் ஆண்டுக்கொன்று, செய்பவனுக்கு அப்படி இல்லை. ஒரே நிலத்தில் மூன்று போகம் எடுப்பதற்கும் மூன்று வயலில் ஆளுக்கொரு போகம் எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. யுபிசாஃப்ட் 'அசாசின்ஸ் கிரீட்' தொடரை 2009 தொடங்கி ஆண்டு தவறாமல் விட்டது; 2014இல் 'யூனிட்டி' வெளிவந்தபோது பாத்திரங்களின் முகத்தோல் காணாமல் போய்க் கண்ணும் பல்லும் மட்டும் மிதந்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. 2016இல் அந்தத் தொடருக்குப் பெரிய பாகம் எதுவும் வரவில்லை. ஓராண்டு தரிசாகப் போட்டபின் 2017இல் வந்த 'ஒரிஜின்ஸ்' நன்றாகவே விளைந்தது.

இனிப் பணம். பெரிய கேம்களின் செலவுக்கணக்கு வெளியே வருவது அபூர்வம். 2023 ஜூனில், மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்குவதை எதிர்த்து அமெரிக்க அரசு நடத்திய வழக்கில், சோனி தாக்கல் செய்த ஆவணம் ஒன்றில் கறுப்பு மையால் அடித்திருந்த எண்கள் ஸ்கேன் செய்த பிரதியில் பளிச்சென்று தெரிந்துவிட்டன. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் டூ'வுக்கு 22 கோடி டாலர். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்'டுக்கு 21.2 கோடி. முன்னதில் உச்சகட்டத்தில் ஏறத்தாழ 200 பேரும் பின்னதில் 300 பேரும் வேலை செய்திருக்கிறார்கள். இந்த அளவு செலவில் வெளிப் பப்ளிஷர் ஒருவர் கேம் செய்து 70 டாலருக்கு டிஜிட்டல் கடையில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு வழக்கமான 30 சதவீதம் போனால் கையில் 49 டாலர். 22 கோடியைத் திரும்பப் பெற மட்டுமே, தள்ளுபடி இல்லாத முழு விலையில் சுமார் 45 லட்சம் பிரதிகள் விற்க வேண்டும். விளம்பரச் செலவு இந்தக் கணக்கில் சேரவில்லை.

'பார்ட் டூ' 2020 ஜூனில் வெளியான மூன்றே நாளில் 40 லட்சம் பிரதிகள் விற்றது. பெயருக்கு விலை என்ன என்று கேட்டால் அந்த மூன்று நாள்தான். வாய்வழியாகப் பேர் பரவும்வரை காத்திருக்க முடியாத அளவுக்குச் செலவு ஏறிவிட்ட இடத்தில், ஏற்கெனவே தெரிந்த பெயர் வெறும் வசதியாக இருப்பதில்லை. கிட்டத்தட்டக் காப்பீடாகவே ஆகிவிடுகிறது.

இந்த நெருக்கடி திடீரென வந்ததல்ல. 2008இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதாவது ஈ.ஏ., ஆண்டுதோறும் வரும் விளையாட்டுத் தொடர்களை மட்டும் நம்பியிருப்பதிலிருந்து விலகப் பார்த்து 'டெட் ஸ்பேஸ்', 'மிரர்ஸ் எட்ஜ்' என்ற இரண்டு புத்தம்புது கேம்களை ஒரே பருவத்தில் இறக்கியது. இரண்டையும் விமர்சகர்கள் பாராட்டினார்கள். விற்பனை எதிர்பார்த்த உயரத்துக்குப் போகவில்லை. 'டெட் ஸ்பேஸ்' மூன்றாம் பாகம்வரை வந்தது. அதற்குள், இப்படியொரு தொடரில் தொடர்ந்து முதலீடு செய்ய ஏறத்தாழ 50 லட்சம் பேர் வேண்டும் என்று கம்பெனியின் ஃபிராங்க் கிப்யூ 2012இல் சொல்லிவிட்டார். கும்மிருட்டுக் கப்பலில் தனியாக நடுங்குவதுதான் அந்தக் கேமின் உயிர். 50 லட்சம் பேரைத் தேடி மூன்றாம் பாகத்தில் இருவர் சேர்ந்து ஆடும் வசதியைக் கொண்டுவந்தார்கள், துப்பாக்கிகளைக் கூட்டினார்கள், பயம் போய்விட்டது. அடுத்த ஆண்டு, 'டூம் ரெய்டர்' முதல் நான்கு வாரத்தில் 34 லட்சம் பிரதிகள் விற்றும் எதிர்பார்ப்பை எட்டவில்லை என்று ஸ்கொயர் எனிக்ஸ் சொன்னது. 34 லட்சம் பேர் வாங்கியது தோல்வி என்றால் கோளாறு பட்ஜெட் போட்டவரிடம் இருக்கிறது. இதை அன்றே சிலர் சொன்னார்கள், யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இதுவரை சொன்னது அடுத்த பாகத்தின் வியாபார முகம். ரசிகர்கள் அதிகம் பேசாத இன்னொரு முகம் உண்டு. அடுத்த பாகம் மிச்சம் பிடிப்பது பெயரில் மட்டுமல்ல, பட்டறையிலும்தான். என்ஜின் தயார், கருவிகள் தயார், யார் எதில் கெட்டிக்காரர் என்பது தெரியும், மரத்தையும் குதிரையையும் மறுபடி வரைய வேண்டாம். அந்த மிச்சத்தை எங்கே போடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

1998 நவம்பரில் 'செல்டா'வின் 'ஒகரினா ஆஃப் டைம்' வந்து உலகைப் புரட்டிய பிறகு, அதே கேமின் குகைகளை மாற்றியமைத்து இன்னொரு பதிப்பு செய்யும் வேலை நின்டெண்டோவின் எய்ஜி அவோனுமாவிடம் வந்தது. அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அப்படியானால் ஓர் ஆண்டுக்குள் புதிதாக ஒன்றைச் செய்து காட்டு என்றார் தயாரிப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ. அதே என்ஜின், அதே மனித உருவங்கள். ஓராண்டில் பெரிய உலகத்தைக் கட்ட முடியாது என்பதால் சின்ன உலகத்தைக் கட்டி, அதை மூன்றே நாள்களுக்குள் அடைத்தார்கள். மூன்றாம் நாள் முடிவில் நிலா விழுந்து ஊர் அழியும். காலத்தைத் திருப்பி முதல் நாளுக்கு வந்து மறுபடி தொடங்க வேண்டும். 2000 ஏப்ரலில் வெளியான 'மஜோராஸ் மாஸ்க்' அந்தத் தொடரின் மிக விசித்திரமான, பலருக்கு மிகப் பிரியமான பாகம். பழைய சாமான்களை வைத்துத்தான் இவ்வளவு புதிய ஒன்று பிறந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் யோசனைக்கே நேரம் இருந்திருக்காது.

செகாவின் 'யகுசா' தொடர் இதையே குடும்பத் தொழிலாக்கிக்கொண்டது. டோக்கியோவின் கபுகிச்சோவை வைத்து உருவாக்கிய 'கமுரோச்சோ' என்ற ஒரே தெருக்கூட்டம் 2005 முதல் பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கிறது. விளையாடுபவனுக்கு அது சொந்த ஊர்த் தெரு மாதிரி. போன பாகத்தில் இருந்த கடை மாறியிருந்தால் மனசு சின்னதாகப் பதறும். 'செல்டா' தொடரில் 2023இல் வந்த 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' கூட, முந்தைய பாகத்துக்கு இணைப்பாகச் சேர்க்க நினைத்த யோசனைகள் பெருகிப்போய்த் தனிக் கேமாக உருவெடுத்ததுதான். அதே நிலப்படத்தின் மேலே வானத்தையும் கீழே பாதாளத்தையும் சேர்த்து, மூன்று நாளில் 1 கோடி பிரதிகள் விற்றார்கள்.

எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்பதற்கு 'சிவிலைசேஷன்' தொடரைச் செய்யும் ஃபிராக்ஸிஸ் ஸ்டுடியோவில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு இருந்தபடியே, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு புத்தம் புதியது. கூடவே, ஏறக்குறைய ஒவ்வொரு பாகத்துக்கும் தலைமை வடிவமைப்பாளரையும் மாற்றிவிடுகிறார்கள். வீடு அதே வீடு, சமைப்பவர் வேறு. அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதை வால்வ் 2009இல் பார்த்தது. 'லெஃப்ட் 4 டெட்' வெளியாகி ஓராண்டிலேயே இரண்டாம் பாகம் என்று அறிவித்தவுடன், முதல் பாகத்துக்கு வரவேண்டிய இணைப்புகளைத்தான் தனியாக விற்கப் பார்க்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கான ரசிகர்கள் புறக்கணிப்பு இயக்கம் நடத்தினார்கள். கேம் வந்ததும் விற்றது என்னவோ வேறு கதை.

இப்போது பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. புதுமையைத் தேடிப் புறப்பட்டார்கள் என்று நாம் புகழும் பல முடிவுகளுக்குப் பின்னால் ஒரு பத்திரம் இருக்கிறது. நாட்டி டாக் ஸ்டுடியோ 'க்ராஷ் பேண்டிகூட்'டை விட்டுவிட்டு 2001இல் 'ஜாக் அண்ட் டாக்ஸ்டர்' என்று புது உலகத்துக்குப் போனது. க்ராஷின் உரிமை யுனிவர்சலிடம் இருந்தது. ஃபிரம்சாஃப்ட்வேர் 2009இல் செய்த 'டீமன்ஸ் சோல்ஸ்' சோனிக்குச் சொந்தம். எல்லாக் கருவிகளிலும் வெளியிட நினைத்தபோது பெயரைத் தொட முடியவில்லை, அதனால் 2011இல் 'டார்க் சோல்ஸ்' பிறந்தது. ஆட்டத்தின் உடம்பு அதேதான், ஊரும் பேரும் வேறு. 2022இல் வந்து மூன்று வாரத்துக்குள் 1.2 கோடி விற்ற 'எல்டன் ரிங்'கும் பெட்டியில் புதுக் கேம்தான். கைகளுக்குத் தெரியும், அது பதின்மூன்று ஆண்டுகளாகக் காய்ச்சிய சரக்கு என்று. '2' என்று போடாத இரண்டாம் பாகங்கள் இந்தத் துறையில் ஏராளம். 2007இன் 'பயோஷாக்', 'சிஸ்டம் ஷாக்'கின் பெயர் சொல்லாத வாரிசு. காப்காமில் நான்காம் 'ரெசிடெண்ட் ஈவில்' ஆகத் தொடங்கியது நடுவழியில் மிகவும் தடம் மாறிப்போனதால் 2001இல் 'டெவில் மே க்ரை' என்ற புதுத் தொடராக வெளிவந்தது. 'அசாசின்ஸ் கிரீட்'டே 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் அடுத்த பாகமாகக் கருவுற்றதுதான். இளவரசனைக் காக்கவந்த கொலையாளி கதாநாயகனாகிவிட, இளவரசன் வெளியே போனான்.

பின்லாந்தின் ரெமிடி ஸ்டுடியோவின் வரலாறு இந்த விஷயத்தில் ஒரு முழுப் பாடம். 'மேக்ஸ் பெய்ன்' தொடரை 2002இல் டேக்-டூவுக்கு விற்றுவிட்டார்கள். மூன்றாம் பாகத்தை 2012இல் செய்தது ராக்ஸ்டார். விற்ற பணத்தில் வளர்ந்து 2010இல் 'ஆலன் வேக்' செய்தார்கள். உடனே இரண்டாம் பாகத்துக்கு மாதிரிகூடச் செய்து மைக்ரோசாஃப்ட்டிடம் காட்டினார்கள். அவர்களுக்கோ வரப்போகும் கன்சோலுக்குப் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. அப்படி வந்தது 'குவாண்டம் பிரேக்'. இங்கே இரண்டாம் பாகத்துக்கு ஏங்கியது கலைஞர்கள், புதியதைக் கேட்டது பெரிய கம்பெனி. நம் வழக்கமான கதை தலைகீழாகிவிட்டது பாருங்கள். 2019இல் வெளியீட்டு உரிமை திரும்பிவந்த பிறகுதான் 'ஆலன் வேக் 2' 2023இல் வெளியானது. இடையே பதின்மூன்று ஆண்டு.

பெயரைக் கழற்றியும் தொடர் ஓடுமா? ஓடும் என்று ஈ.ஏ. காட்டியது. 1993 முதல் 'ஃபிஃபா' என்ற பெயரில் வந்த கால்பந்துத் தொடர், ஃபிஃபா கூட்டமைப்போடு ஒப்பந்தம் முறிந்ததும் 2023இல் 'ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்சி' ஆனது. ஆட்டக்காரர்களின் முகமும் கிளப்புகளின் சட்டையும் வேறு ஒப்பந்தங்களில் இருந்ததால் பெட்டியின் முகப்பு மட்டும்தான் மாறியது.

புதுக் கேமுக்கென்று ஒரு விதைப்புக் காலம் உண்டு என்பது இந்தத் துறையின் பழைய நம்பிக்கை. புது கன்சோல் வெளியாகும் முதல் ஓரிரு ஆண்டுகள் அது. புதுப் பெட்டி வாங்கியவன் புதியதைத் தேடுவான், கடையில் போட்டியும் குறைவு. புது கன்சோல்கள் தாமதமாவது எங்களைத் தண்டிக்கிறது, சுழற்சியின் தொடக்கத்தில்தான் புது உலகங்களை அறிமுகப்படுத்த முடியும் என்று யுபிசாஃப்ட்டின் ஈவ் கிய்மோ 2012இல் சொன்னார். கன்சோல் மாறாத நேரத்தில் புதியதை எப்படி உள்ளே நுழைப்பது? பழையதன் தோளில் ஏற்றித்தான். வால்வ் 2007இல் 'ஆரஞ்ச் பாக்ஸ்' என்ற ஒரே பெட்டியில் 'ஹாஃப்-லைஃப்'பின் அடுத்த அத்தியாயத்தோடு 'போர்ட்டல்' என்ற சின்னஞ்சிறு புதுக் கேமையும் வைத்து அனுப்பியது. மாணவர் குழு ஒன்று கல்லூரியில் செய்த கேமைப் பார்த்து, அந்தக் குழுவையே வேலைக்கெடுத்துச் செய்த ஆட்டம் அது. பெட்டியை வாங்கியவர்கள் ஹாஃப்-லைஃபுக்காக வாங்கி 'போர்ட்டல்' பற்றிப் பேசினார்கள். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் 'கிராக்டவுன்' என்ற புதுக் கேமுக்குள் 'ஹேலோ 3' சோதனைப் பதிப்புக்கான அனுமதிச் சீட்டை வைத்தது. மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் சாப்பாட்டையும் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

ஆம்ஸ்டர்டாமின் கெரில்லா ஸ்டுடியோ இன்னும் பொறுமையான வழியை எடுத்தது. 2004 முதல் 'கில்ஸோன்' என்ற போர்த் தொடரையே செய்துவந்தவர்கள், 2011இல் மூன்றாம் பாகம் முடிந்ததும் ஊழியர்களிடம் யோசனைகள் கேட்டார்கள். வந்தவற்றில் மிக ஆபத்தானது இயந்திர விலங்குகள் உலவும் காட்டில் ஒரு வேட்டைக்காரி. அதை ஒரு சின்னக் குழுவிடம் கொடுத்து ஆண்டுக்கணக்கில் ஊறவிட்டு, பெரும்படையை 2013இல் வந்த அடுத்த 'கில்ஸோன்' செய்ய வைத்தார்கள். சலித்துப்போன தொடர்தான் புதியதன் சம்பளத்தைக் கொடுத்தது. 2017இல் 'ஹொரைசன் ஸீரோ டான்' வந்து இரண்டு ஆண்டில் 1 கோடியைத் தாண்டியது. அந்த ஆவணத்தில் 21.2 கோடி டாலர் என்று பார்த்தோமே, அது இதன் இரண்டாம் பாகம்.

இந்த ஏற்பாடு அழகானது: அடுத்த பாகம் சோறு போடும், அந்தச் சோற்றில் புதியது வளரும். அது இப்போது உடைந்துகொண்டிருப்பதற்குக் காரணம் காலம். நாட்டி டாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிளேஸ்டேஷனில் 1996 முதல் 1999 வரை ஆண்டுக்கொன்றாக நான்கு 'க்ராஷ்'. மூன்றாம் பிளேஸ்டேஷனில் 2007, 2009, 2011 ஆண்டுகளில் மூன்று 'அன்சார்ட்டட்', 2013இல் புத்தம்புதிய 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'. நான்காவதில் 'அன்சார்ட்டட் 4', அதன் ஒரு கிளைக்கதை, பிறகு 2020இல் 'பார்ட் டூ'. ஐந்தாம் பிளேஸ்டேஷன் அதே 2020இல் வந்தது. 2025 முடியும்வரை அதில் பழையவற்றின் மெருகேற்றிய பதிப்புகளும் ஒரு மறுஆக்கமும்தான். அடுத்த புது உலகமான 'இன்டர்கலாக்டிக்'கை 2024 டிசம்பரில் அறிவித்திருக்கிறார்கள். நான்கு முறை தாயம் உருட்டியவர்களுக்கு இப்போது ஒருமுறை கிடைத்தால் பெரிது. நான்கு உருட்டலில் ஒன்றைப் புதியதற்கு ஒதுக்குவது யாருக்கும் கஷ்டமில்லை. இருப்பதே ஒன்று என்றால்?

காலத்தை இழுக்கும் இன்னொன்று, முடியாத கேம்கள். 'ஜி.டி.ஏ. 5' 2013 செப்டம்பரில் வந்து மூன்று நாளில் 100 கோடி டாலர் சம்பாதித்தது. இன்று 20 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. ஆன்லைன் பகுதி நாள்தோறும் காசு பொழியும்போது ஆறாம் பாகத்துக்கு என்ன அவசரம்? அதற்கு 2026 நவம்பர் 19 என்று தேதி குறித்திருக்கிறார்கள். முதல் வகுப்பில் சேர்ந்தபோது ஐந்தாம் பாகத்தைப் பார்த்த குழந்தை கல்லூரியில் இருந்துகொண்டு ஆறாம் பாகம் வாங்கும். இப்படி ஆண்டுக்கணக்காக ஊட்டி வளர்த்த கேமுக்கு அடுத்த பாகம் எடுப்பவர்களுக்குச் சொந்த அண்ணனே எதிரியாக நிற்கிறான். 2015இன் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' எட்டு ஆண்டில் சேர்த்த இணைப்புகளோடு, 2023இல் வெறுங்கையோடும் தடுமாறும் வேகத்தோடும் வந்த இரண்டாம் பாகத்தை ஒப்பிட்டவர்கள் பழையதற்கே திரும்பினார்கள். பிளிஸ்ஸார்ட் அதற்கும் ஒரு வழி கண்டது: 2022இல் 'ஓவர்வாட்ச் 2' வந்ததும் முதல் பாகத்தை அணைத்தே விட்டது. இரண்டாம் பாகத்துக்கு நியாயமாகச் சொன்ன கதைப் பகுதியின் பெரும்பங்கை மறு ஆண்டே கைவிட்டதாகவும் அறிவித்தது.

அப்படியே துணிந்து புதியதைச் செய்தாலும் உத்தரவாதம் கிடையாது. சோனியின் 'கன்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23இல் வெளியானது, செப்டம்பர் 6இல் இழுத்து மூடப்பட்டது, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, செய்த ஸ்டுடியோவும் சில வாரங்களில் போனது. சரி, அது யாருக்கும் பிடிக்காமல் போன கேம். டோக்கியோவின் டாங்கோ ஸ்டுடியோ 2023இல் செய்த 'ஹை-ஃபை ரஷ்' எல்லோருக்கும் பிடித்த கேம். தாளத்துக்கு ஏற்பச் சண்டை போடும் கொண்டாட்டம். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டுடியோவையும் மூடியது. பிறகு கொரியாவின் கிராஃப்டன் அந்தக் குழுவையும் கேமின் பெயரையும் வாங்கிக்கொண்டது. தோற்றாலும் மூடுவார்கள், ஜெயித்தாலும் மூடுவார்கள் என்றால் யோசனை சொல்ல எழுந்திருப்பவன் உட்கார்ந்துவிடுவான்.

ஆகவே புத்திசாலி ஸ்டுடியோக்கள் உருட்டலின் விலையைக் குறைக்கப் பார்த்தன. கோடிக் கைவிட்ட அதே டபுள் ஃபைனில், 'ப்ரூட்டல் லெஜண்ட்' வேலை இழுத்துக்கொண்டிருந்தபோது, அதன் தலைவர் டிம் ஷாஃபர் எல்லோரையும் இரண்டு வாரம் அதை மறந்துவிடச் சொன்னார். சிறு குழுக்களாகப் பிரிந்து ஆளுக்கொரு சின்ன கேம் செய்ய வைத்தார். அது அன்று வெறும் மூச்சுவிடும் நேரம். பின்னால் 'ப்ரூட்டல் லெஜண்ட்'டின் இரண்டாம் பாகம் ரத்தானபோது அந்த இரண்டு வாரப் பொம்மைகள்தான் கம்பெனியைக் காப்பாற்றின. 'காஸ்ட்யூம் க்வெஸ்ட்', 'ஸ்டாக்கிங்' எல்லாம் அங்கிருந்து வந்தவை. நின்டெண்டோவில் 'ஸ்ப்ளாட்டூன்' முதல் மாதிரியில் மனிதர்களே இல்லை. டோஃபு போன்ற கட்டிகள் ஒன்றன்மீது ஒன்று மை பீய்ச்சின. அவற்றை மாரியோவாக மாற்றிவிடலாமா என்ற பேச்சும் வந்தது. 1988இல் செய்ததைத்தானே மறுபடி செய்யச் சொல்கிறார்கள்! இந்த முறை வேண்டாமென்று முடிவெடுத்துக் கணவாய்ச் சிறுவர்களைப் படைத்தார்கள். 2015இல் பிறந்த அந்தப் பெயரின் மூன்றாம் பாகம் 2022இல் ஜப்பானில் மட்டும் மூன்று நாளில் 34.5 லட்சம் விற்றது.

சின்ன ஸ்டுடியோக்களில் இந்தக் கேள்விக்கு வேறு முகம். சூப்பர்ஜயண்ட் 2011 முதல் 'பாஸ்டியன்', 'டிரான்சிஸ்டர்', 'பயர்', 'ஹேடிஸ்' என ஒவ்வொரு முறையும் புது உலகம்தான் கட்டியது. முதன்முதலாக இரண்டாம் பாகம் செய்தது 'ஹேடிஸ்'ஸுக்கு, அதுவும் நான்கு உலகங்கள் கட்டி முடித்த பிறகு. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி 'ஹாலோ நைட்'டுக்கு ஓர் இணைப்பாக நினைத்தது கைமீறி வளர்ந்து, 2019இல் 'சில்க்சாங்' என்ற தனிக் கேமாக அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பரில்தான் வெளியானது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் என்பதால் ஆறு ஆண்டு தாமதத்துக்கும் யாரும் வேலை இழக்கவில்லை. டொரொண்டோவில் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' இன்னொரு வகை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு, இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்ற புதிர். மறு ஆண்டு பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருது அதற்குக் கிடைத்தது. அந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் கேட்பதும் ஒன்றுதான், ஒரு நல்ல சிறுகதைக்குக் கேட்பதும் ஒன்றுதான்.

எல்லா இழைகளும் ஓரிடத்தில் வந்து சேர்வது பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோவில். 'டிவினிட்டி' என்ற சொந்த உலகத்தில் ஆண்டுக்கணக்காகத் தொழில் பழகினார்கள். அதைப் பார்த்து விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி 'பால்டர்ஸ் கேட்' என்ற பழம்பெயரைக் கொடுத்தது. 2000இல் வேறொரு ஸ்டுடியோ செய்த இரண்டாம் பாகத்தோடு நின்றுபோயிருந்த தொடர் அது. 2023இல் வந்த மூன்றாம் பாகம் அந்த ஆண்டின் பெரிய விருதுகளையெல்லாம் அள்ளியது. அடுத்து நான்காம் பாகம் என்று உலகமே நினைத்தது. உள்ளே சிறிது வேலையும் தொடங்கியிருந்தார்கள். 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் எழுந்த லேரியன் தலைவர் ஸ்வென் விங்கே, நான்காம் பாகமும் கிடையாது, இணைப்பும் கிடையாது, சொந்த உலகங்களுக்குத் திரும்புகிறோம் என்றார். பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி, முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கையில். ஊழியர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் வருத்தப்படுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவர்களோ நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பெயர் உரிமையாளரிடமே திரும்பிப் போனது.